சுடாத பச்சை

அர்ச்சுனா நதியின் குறுக்கே, சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடைப்பட்ட கரிசல் மண்ணில் இருக்கிறது ஆனைக்குட்டம் அணை. சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டாசு ஆலைகள். இந்தப் பக்கத்தில் பச்சை வெளிச்சம் வேண்டுமென்றால் அதற்குப் பச்சை உப்பு வேண்டும். பேரியம் நைட்ரேட்டுக்குத் தொழிலில் வழங்கும் பெயர் அது. பேன்சி ரக வெடிக்கான மணி மருந்தில் அதைச் சேர்க்கிறார்கள். மருந்து எரியும்போது பேரியமும் குளோரினும் இணைந்து பேரியம் மோனோகுளோரைடு என்ற மூலக்கூறு உண்டாகிறது. தீயின் சூட்டில் கணநேரம் மட்டும் வாழ்கிற அது, சுமார் 514 முதல் 532 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் ஒளியை உமிழ்கிறது. சூடு குறைந்தால் நிறம் எடுபடாது, கூடினால் மூலக்கூறே உடைந்து பச்சை வெளுத்துவிடும். வாணவேதியியலில் பிடி கொடுக்காத நிறங்களில் பச்சையும் ஒன்று. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. 2023 செப்டம்பரில் உற்பத்தியாளர்கள் கேட்ட தளர்வையும் மறுத்தது.

ஏறக்குறைய இதே பச்சையை 37 டிகிரி உடல் சூட்டில், தீயோ புகையோ பேரியமோ இல்லாமல், உயிருள்ள ஒரு செல்லுக்குள் எழுப்ப முடியும். 501 நானோமீட்டரில் ஒளிரும் ஒன்று உண்டு, 535-இல் ஒளிரும் இன்னொன்றும் உண்டு. ஒளியூட்டும் ஆர்என்ஏ ஆப்டமர்கள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட சாயத்தைக் கண்டால் மட்டும் பிடித்துக்கொள்ளும்படி மடிந்த, சிறிய ஆர்என்ஏ இழைகள் இவை. சாயம் தனியாக இருக்கும்போது இருட்டு, ஆர்என்ஏவும் தனியாக இருக்கும்போது இருட்டுதான். இரண்டும் சேர்ந்த இடத்தில் மட்டும் வெளிச்சம். இவற்றைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்த வெளிச்சத்தின் பிரகாசத்தைத்தான் பேசுகிறார்கள். என் கணக்கில் இவற்றின் மதிப்பு, வெளிச்சத்துக்கு முந்தைய இருட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அமைப்பைப் புரிந்துகொள்வதற்கும் பணியை எடைபோடுவதற்கும் அந்த இருட்டே அளவுகோல்.

இந்த ஒளிர்வுக் கதையின் ஒரு கிளை இதே நதிப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. அர்ச்சுனா நதி மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிவரும் பக்கத்தில் இருக்கும் வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், கே.எஸ். கிருஷ்ணன். 1920-களில் கல்கத்தாவில் சி.வி. ராமனுடன் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தார். அந்த ஆய்வறையில் ஒரு தொல்லை இருந்தது. சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு மங்கலான பகுதி வந்துகொண்டே இருந்தது. 1923-இல் அதைப் பார்த்த கே.ஆர். ராமநாதன், திரவத்தில் கலந்த அழுக்கின் பலவீனமான ஒளிர்வு என்றே எடுத்துக்கொண்டார். திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்தியும் அது போகவில்லை. 1928 ஜனவரியில் எஸ். வெங்கடேஸ்வரன், தூய கிளிசரினில் சூரிய ஒளியைப் பாய்ச்சியபோது வழக்கமான நீலத்துக்குப் பதில் பளிச்சென்ற பச்சை தெரிந்தது. அந்தப் பச்சை முனைவாக்கம் பெற்றிருந்தது, அதாவது ஒளியலைகள் ஒரே தளத்தில் அதிர்ந்தன. அடுத்து கிருஷ்ணனும் ராமனும் சுமார் 60 வகைத் திரவங்களைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் அதே கதை. ஒளிர்வாக இருக்க முடியாது, புதுவகைச் சிதறல் என்று முடிவானது. 1928 மார்ச் 31 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் குறிப்பு வெளியானது.

முனைவாக்கம் எப்படிச் சாட்சி ஆனது என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிதறல் உடனடி நிகழ்வு. ஒளிர்வு அப்படியில்லை, மூலக்கூறு ஒளியை விழுங்கி, சில நானோ நொடிகள் வைத்திருந்து, பிறகு உமிழ்கிறது. தண்ணீர் போன்ற தளர்ந்த திரவத்தில் அந்த அவகாசத்துக்குள் மூலக்கூறு பலமுறை புரண்டுவிடும், வாங்கிய ஒளியின் திசை நினைவில் நிற்காது. கிளிசரின் மாதிரி கெட்டியான திரவத்தில் புரள்வது கடினம் என்பதால் ஒளிர்விலும் முனைவாக்கம் தங்கிவிடும். இதை 1926-இல் பிரான்சில் பெரேன் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். ஆகவே கிளிசரின் ஒன்றை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுதியிருக்க முடியாது. தளர்ந்த திரவங்களிலும் பார்த்தாக வேண்டியிருந்தது. மூலக்கூறின் அசைவுக்கும் அது தரும் ஒளிக்கும் உள்ள இந்த உறவுதான் ஒளியூட்டும் ஆப்டமர்களின் அடித்தளமும்.

சில சாயங்கள் இந்த உறவை இன்னும் தீவிரமாகக் காட்டுகின்றன. மலக்கைட் பச்சையை எடுத்துக்கொள்வோம். மீன் குஞ்சுப் பொரிப்பகங்களில் பூஞ்சைக்கு எதிராகவும், பட்டு, தோல், காகிதத்துக்கு நிறமேற்றவும் பயன்பட்ட சாயம். பச்சை மிளகாயையும் வெண்டைக்காயையும் பளபளக்க வைக்க இதைத் தடவுவதுண்டு. எண்ணெயில் நனைத்த பஞ்சால் காயின் தோலைத் தேய்த்துப் பாருங்கள், பஞ்சில் பச்சை ஒட்டினால் கலப்படம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லித்தருகிறது. இந்தச் சாயத்தின் நடுவில் ஒரு கார்பன் அணு, அதிலிருந்து மூன்று வளையங்கள் விசிறி இறக்கைகளாக நீள்கின்றன. ஒளியை வாங்கியதும் இறக்கைகள் முறுக்கிக்கொள்ளும். வாங்கிய ஆற்றல் அந்த முறுக்கலிலேயே வெப்பமாகக் கரைந்துவிடும். கண்ணுக்கு ஆழ்ந்த நிறம் தெரியும், ஒளிர்வு மட்டும் இருக்காது. கெட்டியான திரவத்தில் இறக்கைகள் தடுக்கப்படுவதால் ஒளிரத் தொடங்கும். இவ்வகைச் சாயங்களில் ஒளிர்வு திரவத்தின் பிசுபிசுப்போடு எப்படி ஏறுகிறது என்பதை 1971-இல் ஃபோர்ஸ்டரும் ஹாஃப்மனும் அளந்து எழுதினார்கள்.

அப்படியென்றால் செல்லுக்குள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கிளிசரின் வேலையைச் செய்ய ஏதாவது கிடைத்தால் போதும். ஆர்என்ஏ அதைச் செய்யும் என்று யாரும் முதலில் திட்டமிடவில்லை. 1990-இல் அமெரிக்காவில் டுவர்க், கோல்டு ஒருபுறமும் எலிங்டன், சோஸ்டாக் மறுபுறமும் ஆர்என்ஏவைத் தேர்ந்தெடுக்கும் ஒரு முறையைத் தனித்தனியே கண்டார்கள். வரிசை தாறுமாறாக அமைந்த பல லட்சம் கோடி ஆர்என்ஏ இழைகளை, வேண்டிய பொருள் ஒட்டிய ஒரு குழாய் வழியே ஓட்டுவார்கள். ஒட்டாதவை கழுவிப் போகும். ஒட்டிய சிலவற்றைப் பெருக்கி மறுபடி ஓட்டுவார்கள். சில சுற்றுகளில் அந்தப் பொருளை இறுகப் பிடிக்கும் இழைகள் மட்டும் மிஞ்சும். அவைதான் ஆப்டமர்கள்.

1999-இல் கிரேட், வில்சன் இருவரும் மலக்கைட் பச்சைக்கான ஆப்டமரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் நோக்கம் வெளிச்சம் காட்டுவது இல்லை. சாயத்தை ஆர்என்ஏவில் ஒட்டவைத்து, லேசரைப் பாய்ச்சி, அந்த ஆர்என்ஏவைச் சிதைப்பது. சுடுவதற்காகச் செய்த கருவி. 2003-இல் ரோஜர் சியனின் ஆய்வகத்தில் பேபென்டூர், ஆடம்ஸ் ஆகியோர் அதே ஆப்டமரோடு சேர்த்தால் மலக்கைட் பச்சையின் ஒளிர்வு 2,000 மடங்குக்கும் மேல் கூடுவதைக் காட்டினார்கள். சாயம் பச்சைதான், ஆனால் அது உமிழும் ஒளி சிவப்பு. இவ்வகையில் முதல் ஆப்டமர் என்று சொல்லத்தக்கது இதுவே. செல்லுக்குள் பயன்படுத்த மலக்கைட் பச்சை ஏற்றதாக இல்லை. ஒளிபட்டால் நச்சுத்தன்மை காட்டும், செல்லின் மற்ற பொருட்களோடும் ஒட்டும். இருட்டு சுத்தமாக இல்லை என்பதுதான் குறை.

அடுத்த அடி எட்டு ஆண்டு கழித்து வந்தது. ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்ப்புரதம் உயிரியலையே மாற்றிப்போட்டது. 2008-இன் வேதியியல் நோபல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் அதற்காகவே போனது. அந்தப் புரதத்தின் ஒளிர்மையம் மூன்று அமினோ அமிலங்கள் தாமே சுருண்டு உண்டாக்கிய ஒரு சிறு மூலக்கூறு. அதைப் புரதத்திலிருந்து பிரித்துத் தண்ணீரில் போட்டால் ஒரு பிகோ நொடிக்குள் முறுகி அணைந்துவிடும். பீப்பாய் வடிவப் புரதத்தின் நடுவே அசையாமல் பிடிபட்டிருப்பதால்தான் ஒளிர்கிறது. நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சாமி ஜாஃப்ரியின் குழு, புரதத்துக்குப் பதில் ஆர்என்ஏவால் அந்த மையத்தைப் பிடிக்க முடியுமா என்று கேட்டது. மையத்தின் வடிவத்தில் இரண்டு ஃபுளோரின் அணுக்கள் சேர்ந்த ஒரு சாயத்தை உருவாக்கினார்கள், பெயர் டிஎஃப்எச்பிஐ. அதைப் பிடிக்கும் 98 எழுத்து நீள ஆர்என்ஏவுக்கு ஸ்பினாச், அதாவது பசலைக்கீரை என்று பெயர் வைத்தார்கள். 2011 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. தனிச் சாயம் வாங்கும் ஒளித்துகள் 10,000-இல் ஏறக்குறைய 7-ஐத்தான் திருப்பித் தருகிறது. ஸ்பினாச்சின் பிடியில் 100-க்கு 72. வெளிச்சம் ஆயிரம் மடங்கு ஏறியதென்றால், கணக்கில் பெரும்பங்கு அந்த முதல் எண்ணின் சிறுமைக்கே சேரும்.

எப்படி மடிந்து பிடிக்கிறது என்பது மூன்று ஆண்டு யாருக்கும் தெரியாது. கணினி கணித்த வரைபடம் ஒன்று இருந்தது. 2014-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பிச்சிரில்லியின் குழுவும், அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஃபெர்ரே-டாமரேயின் குழுவும் தனித்தனியே படிகமாக்கிப் பார்த்தபோது கணிப்பு தவறு என்று தெரிந்தது. நடுவில் இருந்தது யாரும் எதிர்பாராத ஓர் அமைப்பு: ஆர்என்ஏ எழுத்துகளில் ஒன்றான குவானின், நான்காகச் சேர்ந்து ஒரே தளத்தில் சதுரமாகக் கைகோத்து நிற்க, அதன்மேல் அதே போன்ற இன்னொரு சதுரம் அடுக்கப்பட்டிருந்தது. குவானின் நாற்கட்டு என்று சொல்லலாம். இரண்டு அடுக்குகளுக்குக் கீழே வெவ்வேறு எழுத்துகள் கலந்த ஒரு நான்கன் கூட்டு. மேலே யூராசில்-அடினின்-யூராசில் என்ற மும்மை ஒன்று கூரையாக. நாற்கட்டின் மேல்தளத்துக்கும் அந்தக் கூரைக்கும் நடுவே தட்டையாகப் படுத்திருக்கிறது சாயம். அதே தளத்தில் பக்கவாட்டில் நிற்கும் தனிக் குவானின் ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பால் அதைப் பிடித்திருக்கிறது. மேலும் கீழும் பக்கத்திலும் இடமில்லை. முறுக வழியில்லாத சாயத்துக்கு, வாங்கிய ஆற்றலை ஒளியாக விடுவது தவிர வேறு வழி குறைவு. ஆர்என்ஏ இங்கே ஒளிர்வதில்லை. அசையவிடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நாற்கட்டு புதிய சங்கதி கிடையாது. குவானின் சேர்மங்கள் இப்படிச் சதுரம் கட்டும் என்று 1962-லேயே கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் காட்டியிருந்தார்கள். அது சோதனைக்குழாயின் விசித்திரமாகவே பல காலம் கிடந்தது. சென்னையில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றும் சங்கர் பாலசுப்ரமணியனின் குழு, மனித செல்லின் டிஎன்ஏவில் நாற்கட்டுகள் உண்மையிலேயே இருப்பதை 2013-இல் எதிர்ப்பொருள் ஒன்றால் சுட்டிக் காட்டியது. அடுத்த ஆண்டே ஸ்பினாச்சின் வயிற்றிலும் நாற்கட்டு இருப்பது தெரியவந்தது.

பட்டாசு வட்டாரத்து வாசகருக்கு இதில் ஒரு தெரிந்த முகம் உண்டு. நான்கு குவானின்களின் ஆக்சிஜன் அணுக்கள் சதுரத்தின் உட்பக்கம் பார்த்து நிற்கின்றன. அவற்றின் எதிர்மின்தன்மை ஒன்றையொன்று தள்ளாமலிருக்க நடுவில் ஒரு நேர்மின் அயனி தேவை. அந்த வேலைக்குப் பொட்டாசியம்தான் பொருத்தம், வெடியுப்பில் இருக்கிற அதே பொட்டாசியம். சோடியம் அவ்வளவாகத் தாங்காது, லித்தியம் உதவவே உதவாது. பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் நாற்கட்டைத் தாங்கக்கூடியவை; பேரியம் அயனியின் அளவு பொட்டாசியத்தின் அளவுக்கு மிக அருகில். உடலில் பேரியம் நஞ்சாவதற்கும் இந்த அளவுப் பொருத்தமே காரணம், நரம்பு, தசைச் செல்களின் பொட்டாசியக் கால்வாய்களில் புகுந்து அடைத்துக்கொள்கிறது. வானத்தில் பச்சை தரும் தனிமமும், செல்லுக்குள் பச்சை தரும் மூலக்கூறின் நடுவில் உட்கார்ந்திருக்கும் தனிமமும் அயனிகளாகும்போது ஒரே இடத்துக்குப் போட்டியிடும் அளவில் இருக்கின்றன.

ஸ்பினாச்சுக்குப் பிறகு பெயர்ப் பட்டியல் உழவர் சந்தையாகிவிட்டது. 2014-இல் வந்த ப்ராக்கோலி 49 எழுத்துதான். குழாயில் தேர்ந்தெடுத்ததோடு விடாமல், பாக்டீரியாவுக்குள் எது ஒளிர்கிறது என்று பார்த்துப் பொறுக்கியதால் செல்லுக்குள் மடிவதில் தேறியது. சீனாவின் ஷாங்காயில் 2019-இல் உருவான பெப்பரில் நாற்கட்டே இல்லை. வேறு வழியிலும் சாயத்தை இறுக்கலாம் என்பதற்கு அது சாட்சி. கார்ன் இன்னும் வினோதம். இரண்டு ஆர்என்ஏக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, இரண்டின் நாற்கட்டுகளுக்கும் நடுவே ஒரே ஒரு சாயத்தை வைத்து அழுத்துகின்றன. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் அன்ராவின் குழு 2014-இல் வெளியிட்ட மேங்கோதான் எனக்குப் பிடித்தது, பெயருக்காக மட்டுமில்லை. கட்டுரை ஆசிரியர்களில் பஞ்சாபகேசன் என்ற நம்மூர்ப் பெயரும் இருக்கிறது. தயசோல் ஆரஞ்சு என்ற சாயத்தைப் பிடிக்கும் மேங்கோவின் ஒளிர்வு சுமார் 1,100 மடங்கு ஏறுகிறது. பிடியும் மிக இறுக்கம்: சாயத்தின் செறிவு சில நானோமோலார் இருந்தாலே பிடித்துவிடும். ஸ்பினாச்சுக்கு அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் சாயம் வேண்டும். செல்லில் ஊற்றும் சாயம் குறையக் குறையப் பின்னணி இருட்டு சுத்தமாகிறது.

எதற்காக இவ்வளவு பாடு? புரதத்துக்குப் பச்சை ஒளிர்ப்புரதத்தை ஒட்டவைத்துச் செல்லுக்குள் அதன் போக்கைப் பார்க்கலாம். ஆர்என்ஏவுக்கு அந்த வசதி இல்லை. 1998 முதல் இருக்கும் வழி, எம்எஸ்2 என்ற வைரசின் ஆர்என்ஏ வளையங்களை வேண்டிய ஆர்என்ஏவோடு சேர்த்து, அவற்றைப் பிடிக்கும் புரதத்தில் பச்சை ஒளிர்ப்புரதத்தைக் கட்டுவது. கட்டாமல் உலவும் புரதமும் ஒளிர்வதால் செல் முழுக்க மங்கல் வெளிச்சம் பரவும். ஆப்டமர் வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்ற எதிர்பார்ப்பு 2011-இல் பெரிதாக இருந்தது. முழுக்க நிறைவேறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செல்லில் ஒரு குறிப்பிட்ட தூது ஆர்என்ஏவின் பிரதிகள் பல சமயம் சில பத்துகளே இருக்கும். ஓர் ஆப்டமரின் வெளிச்சம் அதற்குப் போதாது, வரிசையாகப் பல சேர்க்க வேண்டியிருக்கும். சேர்த்தால் அந்த ஆர்என்ஏவின் இயல்பே மாறலாம். ஸ்பினாச்சில் பிடிபட்ட சாயம் தொடர்ந்து ஒளிபடும்போது வடிவம் மாறி அணைகிறது. அணைந்தது விலகிப் புதுச் சாயம் வந்து உட்கார வேண்டும். அதனால் விட்டுவிட்டு ஒளிபாய்ச்சிப் படமெடுக்கிறார்கள். ஒற்றை மூலக்கூறைத் தொடர வேண்டியவர்களில் பலர் இன்னும் எம்எஸ்2-வை விடவில்லை. அது பிடிவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆப்டமர்கள் உண்மையில் சோபித்தது வேறொரு பணியில்: உணரிகளாக. ஸ்பினாச்சின் ஒரு தண்டுப் பகுதியை எடுத்துவிட்டு, அங்கே வேறொரு பொருளைப் பிடிக்கும் ஆப்டமரை வைத்தால், அந்தப் பொருள் வந்து ஒட்டினால்தான் மொத்த அமைப்பும் மடியும், மடிந்தால்தான் சாயத்துக்கு இடம், அப்போதுதான் வெளிச்சம். 2012-இல் ஜாஃப்ரி குழு இப்படி எஸ்-அடினோசில் மெத்தியோனின் போன்ற செல்பொருட்களை உயிருள்ள பாக்டீரியாவில் பார்த்தது. இந்தியாவில், பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் யமுனா கிருஷ்ணனின் குழு, இந்திய அறிவியல் கழகத்தின் சந்தியா விஸ்வேஸ்வரய்யாவோடு சேர்ந்து, செல்லின் சவ்வறைகளுக்குள் இருக்கும் சுழல் ஏஎம்பி என்ற சைகை மூலக்கூறை அளக்க இதே உத்தியைப் பயன்படுத்தியது. 2014-இல் வெளியான வேலை. வெளிச்சம் கூடினால் பொருள் கூடியிருக்கிறதா, உணரியே அதிகம் சேர்ந்துவிட்டதா என்ற சந்தேகம் எப்போதும் வரும். அதற்காக அளவு மாறாத இன்னொரு நிறத்தை உடன் வைத்து இரண்டின் விகிதத்தை எடுத்தார்கள். இந்தத் துறையில் பலரும் தாண்டிச் செல்லும் நுணுக்கம் அது.

சிவகாசி வட்டாரத்துக்கு நேரடியாகப் பொருந்தக்கூடிய ஒன்றும் இருக்கிறது. 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் ஈயம், பாதரசம், ஆர்செனிக், ஆன்டிமனி, லித்தியம் கூடாது என்றது. ஈய அயனி பொட்டாசியத்தை விட இறுக்கமாக நாற்கட்டின் நடுவில் அமரும். இதை வைத்து, சாயமும் ஸ்பினாச்சும் உள்ள கரைசலில் பொட்டாசியத்துக்குப் பதில் ஈயம் வந்தால் ஒளிரும் சோதனையைச் சிகாகோவில் சௌர்ஜா தாஸ்குப்தாவும் உடனிருந்தவர்களும் 2015-இல் வெளியிட்டார்கள். சாயத்தைப் பிடிக்கத் தேர்ந்தெடுத்த ஆர்என்ஏவே, ஒரு எழுத்தும் மாற்றாமல், ஈயத்துக்கு உணரியாகிவிட்டது. அமைப்பு தெரிந்திராவிட்டால் இப்படி ஒன்று யாருக்கும் தோன்றியிருக்காது. ஆய்வகத்துச் சுத்த நீரில் ஈயத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று, பட்டாசு ஆலைப் பக்கத்து ஓடைத் தண்ணீரில் கண்டுபிடிப்பது வேறு. பொட்டாசியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம் மூன்றும் தொழிலின் மூலப்பொருட்களாகப் புழங்கும் மண்ணில், நாற்கட்டின் நடு இடத்துக்கு வரிசையில் நிற்பவை பல. அங்கே ஈயத்தை மட்டும் பிரித்துச் சொல்ல, பின்னணி இருட்டை மற்ற அயனிகளிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும்.

இன்னொரு தடை சாதாரணமானது. ஆர்என்ஏவை வெட்டும் நொதிகள் நம் விரல்நுனி வியர்வையிலேயே இருக்கின்றன. கையுறை போடாமல் குப்பியைத் தொட்டாலே உணரி துண்டு துண்டாகிவிடலாம். டிஎன்ஏ அந்த வகையில் உறுதி. ஸ்பினாச்சின் சாயக் குடும்பத்தையே பிடித்து ஒளிரச்செய்யும், டிஎன்ஏவால் ஆன லெட்டூஸ் என்ற ஆப்டமரின் அமைப்பை 2023-இல் ஃபெர்ரே-டாமரேயின் குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. அதன் நடுவிலும் ஒரு குவானின் நாற்கட்டுதான் இருந்தது.